கோடை முகாமை அறக்கட்டளை உடைமையாக்குதல்

கோடை விடுமுறையில் பிள்ளைகள் சில நாள்கள் வீட்டை விட்டு வெளியே ஒன்றாகத் தங்கி, விளையாட்டு, நீச்சல், மலையேற்றம், கைத்தொழில், பாட்டு, நாடகம் முதலியவற்றைக் கற்கும் ஏற்பாடு கோடை முகாம் எனப்படும். இத்தகைய முகாம்களில் பல, தனியொருவரின் அல்லது ஒரு குடும்பத்தின் நிலத்தில் நடப்பவை. உரிமையாளர் முதுமையடைந்தாலோ, வாரிசுகள் நிலத்தை விற்க முடிவு செய்தாலோ முகாமும் நின்றுவிடும். அந்நிலையில் பழைய மாணவர்களும் பெற்றோரும் நிதி திரட்டி, நிலத்தை வாங்கி, இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பின் பெயரில் வைப்பது உலகின் பல இடங்களில் கையாளப்படும் வழியாகும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சூழலையும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள சட்டங்களையும் கொண்டு அவ்வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

முகாமுக்கு வரும் ஆபத்து

முகாமின் வருமானம் பிள்ளைகள் கட்டும் கட்டணம் மட்டுமே. அதுவும் ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறக்கும் வரை உள்ள சில வாரங்களில் வருவது. ஆனால் காவல், மின்சாரம், கூரை பழுது, கிணறு தூர்வாருதல் ஆகிய செலவுகள் 12 மாதமும் உண்டு. எனவே முகாம் நடத்திக் கிடைக்கும் தொகைக்கும் அதே நிலத்தை விற்றால் கிடைக்கும் தொகைக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டாகிறது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் தங்கும் விடுதிகளுக்கு நிலம் தேடப்படுகிறது. சமவெளியில் நெடுஞ்சாலையை ஒட்டிய தோட்டங்கள் வீட்டுமனைகளாகின்றன. உரிமையாளர் நல்லவராக இருந்தாலும் அவருக்குப் பின் நிலம் பல வாரிசுகளுக்குப் பங்காகும். பங்குதாரர்களில் ஒருவர் தம் பங்கைக் கேட்டாலே போதும், முகாம் நடக்கும் மைதானம் துண்டாகிவிடும்.

வெளிநாட்டு முன்மாதிரிகள்

கோடை முகாம் ஒரு நிறுவனமாக வளர்ந்தது அமெரிக்காவில். அங்கு வெர்மான்ட் மாநிலத்தின் ஃபேர்லி என்ற ஊரில் எட்வர்ட், ஹாரியட் குலிக் தம்பதியர் 1905 ஆம் ஆண்டு சிறுமியருக்காக அலோகா முகாமைத் தொடங்கினர். குடும்ப முகாமாக இருந்த அது 1968 இல் அலோகா அறநிறுவனத்தின்கீழ் வந்தது. அதே மாநிலத்தில் டன்மோர் ஏரிக்கரையில் 1910 முதல் நடந்துவந்த கீவேடின் முகாமும் 1982 இல் உருவான கீவேடின் அறநிறுவனத்தின் பொறுப்புக்கு மாறியது. இரண்டும் இன்றும் நடக்கின்றன. தொடங்கியவர்களின் ஆயுளைத் தாண்டி முகாம் வாழ, அது எவருடைய சொத்துப் பங்கிலும் சேராத உடைமையாக மாற வேண்டும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

உள்ளூர் முன்மாதிரி: புதுப்பாளையம் காந்தி ஆசிரமம்

நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோட்டுக்கு அருகே உள்ள புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரி 6 அன்று இராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அப்போது இப்பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 இல். ஆசிரமத்துக்கான நிலத்தைப் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் வழங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை ஆசிரமத்தின் பணிகள். மதுவிலக்குப் பிரசாரத்துக்காக இங்கிருந்து வெளிவந்த 'விமோசனம்' இதழில் கல்கி பணியாற்றினார்.

இது கோடை முகாம் அன்று. நிலம் வந்ததும் நன்கொடையாகத்தான். எனினும் உடைமை பற்றிய பாடம் ஒன்றே. இராஜாஜி 1937 இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1972 இல் மறைந்தார். ஆசிரமம் அவருடைய குடும்பச் சொத்தாக இருந்ததில்லை. ஆகவே நிறுவியவர் வேறு பணிக்குச் சென்ற பின்னும், மறைந்த பின்னும், நிலமும் பணியும் பிரியாமல் நூறாண்டுகளைக் கடந்துள்ளன.

மூன்று சட்ட வடிவங்கள்

தமிழ்நாட்டில் இலாப நோக்கமற்ற அமைப்பை மூன்று வகையில் உருவாக்கலாம்.

பொது அறக்கட்டளை: அறக்கட்டளை ஆவணம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. 1882 ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கு உரியது; பொது அறக்கட்டளைக்கு நேரடியாகப் பொருந்தாது. மகாராட்டிரத்தில் உள்ளது போன்ற பொதுவான பொது அறக்கட்டளைச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே இங்கு ஆவணத்தின் வாசகமே மிக முக்கியம்.

சங்கம்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன்படி குறைந்தது 7 பேர் சேர்ந்து பதிவு செய்வது. உறுப்பினர்கள் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பர். பழைய மாணவர்கள் பலருக்கும் வாக்குரிமை தர விரும்பினால் இது ஏற்றது. ஆனால் தேர்தல் பூசல் சங்கத்தையே முடக்கிவிடுவதும் உண்டு.

எட்டாம் பிரிவு நிறுவனம்: 2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 8 ஆம் பிரிவின்படி அமைவது. இலாபத்தைப் பங்காதாயமாகப் பிரிக்க முடியாது. கணக்கு, தணிக்கை விதிகள் கடுமையானவை; அதனால் செலவும் கூடும்.

எந்த வடிவமானாலும் ஆவணத்தில் நான்கு செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: நிலம் பிள்ளைகளின் முகாமுக்கே பயன்பட வேண்டும்; அறங்காவலர்களின் பதவிக்காலம் எத்தனை ஆண்டு; முன்னாள் உரிமையாளர் குடும்பத்துக்கு எத்தனை இடம்; அமைப்பு கலைந்தால் சொத்து எந்த வகை அமைப்புக்குச் சேரும். இவை இல்லாவிட்டால் ஊரார் பணத்தில் வாங்கிய நிலம் நாளடைவில் சிலரின் கைக்குள் போய்விடலாம்.

நிலம் கைமாறும் வழிகள்

விலைக்கு வாங்குவது ஒரு வழி. தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9 விழுக்காடு செலவாகும். 2023 ஏப்ரலுக்கு முன் இது 11 விழுக்காடாக இருந்தது.

உரிமையாளர் தானமாகத் தருவது மற்றொரு வழி. ஆனால் குடும்ப உறுப்பினர் அல்லாதவருக்குத் தரும் தானத்துக்கும் வழிகாட்டி மதிப்பின்மீது இதே 9 விழுக்காடு உண்டு. இலவசமாக வரும் நிலத்துக்கும் பணம் தேவை என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

சந்தை விலையைவிடக் குறைத்து விற்பது மூன்றாவது வழி. பத்திரத்தில் விலை குறைவாக இருந்தாலும் முத்திரைத்தீர்வை வழிகாட்டி மதிப்பின்படியே கணக்கிடப்படும். மூலதனச் சொத்தாக உள்ள நிலத்தை வழிகாட்டி மதிப்புக்கு மிகவும் கீழே விற்றால், வராத பணத்துக்கும் உரிமையாளர் வருமான வரி கட்ட நேரலாம். ஆகவே குறைத்துத் தர முன்வரும் உரிமையாளர் முதலில் தணிக்கையாளரைக் கலந்துகொள்வது நல்லது.

எவ்வழியானாலும் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே நன்கொடை கேட்கத் தொடங்க வேண்டும். நிதி சேரும் வரை நிலம் வேறொருவருக்குப் போகாதிருக்க, காலக்கெடுவுடன் கிரய ஒப்பந்தம் எழுதி அதைப் பதிவு செய்வது அவசியம்.

எவ்வளவு திரட்ட வேண்டும்?

நிலத்தின் விலையை மட்டும் இலக்காக வைப்பது பெரும் பிழை. ஒரு மாதிரிக் கணக்கைக் காண்போம்.

நிலமும் கட்டடங்களும்: ரூ. 2 கோடி
முத்திரைத்தீர்வை, பதிவு (9 விழுக்காடு): ரூ. 18 லட்சம்
கூரை, கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் பழுது: ரூ. 32 லட்சம்
நிலைநிதி: ரூ. 1 கோடி
மொத்தம்: ரூ. 3.5 கோடி

நிலைநிதி என்பது செலவழிக்காமல் வைப்பில் இட்டு, வட்டியை மட்டும் எடுக்கும் தொகை. முகாமுக்கு ஆண்டுதோறும் ரூ. 6 லட்சம் துண்டு விழுமானால், 6 விழுக்காடு வட்டியில் அதை ஈடுகட்ட ரூ. 1 கோடி தேவை. நிலைநிதி இல்லாமல் நிலத்தை மட்டும் வாங்கிய அமைப்பு, சில ஆண்டுகளில் கட்டணத்தை உயர்த்தும். அப்போது விசைத்தறித் தொழிலாளியின் பிள்ளையும் கோழிப்பண்ணைத் தொழிலாளியின் பிள்ளையும் முகாமுக்கு வர முடியாது. முகாம் இருக்கும், யாருக்காகக் காப்பாற்றப்பட்டதோ அவர்கள் அங்கு இருக்கமாட்டார்கள்.

யாரிடம், எப்படித் திரட்டுவது?

மேற்கண்ட ரூ. 3.5 கோடியைப் பின்வருமாறு பிரித்துப் பார்க்கலாம்: ரூ. 50 லட்சம் தருபவர் ஒருவர்; ரூ. 20 லட்சம் தருபவர் 5 பேர்; ரூ. 5 லட்சம் தருபவர் 20 பேர், ரூ. 1 லட்சம் தருபவர் 60 பேர், ரூ. 10,000 தருபவர் 400 பேர். முதல் 26 பேர் தருவது ரூ. 2.5 கோடி, அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ 71 விழுக்காடு. கடைசி 400 பேர் தருவது ரூ. 40 லட்சம். எனவே பெரிய தொகை தரக்கூடிய சிலரை முதலில் நேரில் சந்தித்து வாக்குறுதி பெறுவதும், அதன்பின் பொதுவில் அறிவிப்பதும் வழக்கம்.

தொகை சிறிதாயினும் 400 பேரின் பங்கு குறைந்ததன்று. ஊர்க் கோயில் திருப்பணிக்குத் தலைக்கட்டு வரி போட்டு எல்லா வீட்டிலும் வாங்கும் வழக்கம் இப்பகுதியில் உள்ளது. பணம் கொடுத்த வீட்டார் கணக்குக் கேட்பார்கள். முகாமுக்கும் அத்தகைய கண்காணிப்பு தேவை. பொது அறக்கட்டளையில் முறைகேடு நடந்தால், அதில் அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடுக்கலாம் என்று 1908 ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92 ஆம் பிரிவு கூறுகிறது.

இலக்கை எட்டாவிட்டால் பணம் என்னவாகும் என்பதை முதல் ரசீதிலேயே அச்சிட வேண்டும். திருப்பித் தரப்படும் என்றோ, குறிப்பிட்ட வேறு பணிக்குப் பயன்படும் என்றோ தெளிவாகச் சொன்னால்தான் தயக்கமின்றிக் கொடுப்பார்கள்.

வரியும் வெளிநாட்டுப் பணமும்

அமைப்பு வருமான வரித் துறையில் அறப்பணி அமைப்பாகப் பதிவு பெற்றால் அதன் வருமானத்துக்கு வரிவிலக்கு கிடைக்கும். பொதுவாக ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். நன்கொடையாளருக்குரிய சலுகை 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜி என்ற பிரிவின் பெயரால் அறியப்பட்டது. இதன்படி, உரிய வரம்புக்குள், நன்கொடையில் பாதியை வருமானத்திலிருந்து கழிக்கலாம். ரூ. 2,000க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் இச்சலுகை இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்களிடம் பெறும்போது கூடுதல் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், பிறந்தது இராசிபுரமாக இருந்தாலும், அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையே. 2010 ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. வாங்குவதற்கும் புது தில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு வேண்டும்.

உடைமை மாறிய பின்

பத்திரம் பதிவானதும் பட்டா அமைப்பின் பெயருக்கு மாற்றப்பட வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்ப வேண்டும். முகாமைத் தொடங்கியவர் உயிருடன் இருந்தால், அவர் சம்பளம் பெறும் இயக்குநரா, ஆலோசகரா, அறங்காவலரா என்பதை எழுத்தில் முடிவு செய்வது இரு தரப்புக்கும் நல்லது. நேற்று வரை தம் விருப்பப்படி மரம் நட்டவர், இனி குழுவின் ஒப்புதலுடன் நட வேண்டியிருக்கும். இம்மாற்றத்தைப் பத்திரப் பதிவுக்கு முன்பே அவருடன் மனம் விட்டுப் பேசி முடித்துக்கொண்டால் பிற்காலத்தில் மனத்தாங்கல் எழாது.