செபு தீவில் ஒரு நாள் சாப்பாட்டுச் சுற்று!

பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு தீவில் நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் டாக்டருக்குப் படிக்கிறார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. பார்க்கப் போகும் அம்மாக்கள் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலுமாக மூட்டை கட்டிக்கொண்டு போய், அறையிலேயே சமைத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். ‘நீங்க சைவமாச்சே! அங்கே பன்னும் பழமும்தான் கிடைக்கும்’ என்று என்னையும் பயமுறுத்தினார்கள்.

என் மகள் மூன்று வருஷமாக மெஸ் சாப்பாடு, விட்டால் நூடுல்ஸ் என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆளே பாதியாக இளைத்திருந்தாள். “இந்த ஊர்ப் பொம்பளைங்க என்ன சமைக்கிறாங்கன்னு ஒரு நாளாவது பார்த்தியாடி?” என்றேன். “எதுல என்ன கலந்திருக்கும்னே தெரியாதும்மா. அதான் பயம்” என்றாள். நியாயமான பயம்தான். சரி, பயப்படாமல் சாப்பிட ஒரு நாள் திட்டம் போடுவோம் என்று இருவரும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தோம். அசைவம் சாப்பிடும் அவள் தோழிகள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

முதலில் பேச்சு. ‘வலாய் கர்னே, வலாய் இஸ்தா’ என்றால் ‘கறி வேண்டாம், மீன் வேண்டாம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். ‘பிலா?’ என்றால் என்ன விலை. ‘லாமி’ என்றால் ருசி. இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், கடைக்காரம்மா முகம் மலர்ந்துவிடுகிறது! சில்லறையாக 20, 50, 100 பெசோ வைத்துக்கொண்டோம்.

காலை: பெரிய சந்தையான கார்பனுக்கு விடியும்போதே போய்விட வேண்டும். அங்கே ‘புத்தோ மாயா’ கிடைக்கும். ஒட்டும் அரிசியைத் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்த்து வேகவைத்தது. கூடவே நன்றாகப் பழுத்த மாம்பழமும், ‘சிக்வாத்தே’ என்ற சூடான கோகோ பானமும். கோகோ வில்லைகளைக் கொதிக்கும் தண்ணீரில் கரைத்து, கட்டை மத்தால் கடைந்து தருகிறார்கள். சைவக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான டிபன் ஏது!

பக்கத்திலேயே ‘புட்புட்’. வாழையிலையில் சுருட்டி ஆவியில் வேகவைத்தது. நம்ம இலைக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை! இதைச் சிறுதானியத்திலும் செய்கிறார்கள். அதற்கு ‘புட்புட் கபோக்’ என்று பெயர். வடக்கே கட்மோன் ஊரில் செய்வது ரொம்பப் பிரசித்தம்.

மதியம்: ‘புசோ’. தென்னங்குருத்தைப் பின்னிக் கூடு செய்து, அதற்குள் அரிசியை இட்டுத் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். கடை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வாழைப்பூவுக்கும் அங்கே அதே பெயர்தான். பார்த்தால் ஏனென்று புரியும். தோழிகள் அதை ‘லெச்சோன்’ என்ற சுட்ட பன்றிக்கறியோடு சாப்பிட்டார்கள். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன தக்காளித் தொக்கோடு சாப்பிட்டேன்!

பிற்பகல்: தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் கர்கர் என்ற ஊர். பஸ்ஸில் போகலாம். ‘அம்பாவ்’ என்று நம்ம பொரி உருண்டை மாதிரி ஒன்று, ‘பொகரில்யோ’ என்று தேங்காய் மிட்டாய். பக்கத்திலேயே ‘சிச்சரோன்’ என்று பொட்டலம் அடுக்கியிருப்பார்கள். அப்பளப்பொரி என்று ஏமாறாதீர்கள், அது பன்றித்தோல் வறுவல்.

மாலை: வாழைப்பழத்தை நாட்டுச் சர்க்கரை பூசிப் பொரித்து, மூங்கில் குச்சியில் செருகித் தருவது ‘பனானா கியூ’. பொரிப்பது எந்த எண்ணெயில் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சைவக்காரர்கள் மறக்கக் கூடாத மூன்று விஷயங்கள்:

* காய்கறிக் குழம்பு என்றாலும் கருவாடோ இறால் விழுதோ சேர்ந்திருக்கலாம். ‘உத்தான் பிசாயா’ என்பது முருங்கைக்கீரை, பூசணி, வெண்டை போட்ட அருமையான சாறு. ஆனால் மீன் போடாமல் செய்து தரச் சொல்லிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

* ‘தோர்த்தா’ கேக்கில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம்.

* எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்று வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுங்கள். வயிறும் தாங்கும், பர்ஸும் தாங்கும்.

முருங்கைக்கீரையை அவர்கள் ‘கமுங்கய்’ என்கிறார்கள். சந்தையில் கட்டுக் கட்டாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்து, “மூணு வருஷமா இது இங்கேயேதான் இருந்துச்சாம்மா?” என்று வாயைப் பிளந்தாள் என் மகள். அடுத்த நாளே இரண்டு கட்டு வாங்கிவந்து, என் பக்கத்தில் நின்று பொரியல் செய்யக் கற்றுக்கொண்டாள். இப்போது சனிக்கிழமை தோறும் அந்தச் சந்தைக்குப் போகிறாளாம். கீரைக்காரம்மா இவளைப் பார்த்ததும் கட்டை எடுத்து வைத்துவிடுகிறாராம்.

வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார்களே! ஊறுகாய் பாட்டிலைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். அதோடு, போன இடத்துச் சந்தைக்கும் ஒரு நாள் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டு வாருங்கள்.

— ஒரு வாசகி, மன்னார்குடி.