சன்னியை விற்றதில் இலாபம் எவ்வளவு?

2006 முதல் பதினெட்டு வருடம் எங்கள் வீட்டில் நிஸான் சன்னி தவிர வேறு கார் நின்றதில்லை. 2024இல், வாங்கிய விலையைப் போல் மூன்று மடங்குக்கு விற்றேன். "நல்ல இலாபம்" என்றார் மச்சான்.

எங்கே இலாபம்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் ரூபா சரிந்தது. எல்லாக் கார்களுக்கும் விலை ஏறியது. விற்ற பணத்தோடு அதே அளவு பணம் மேலும் போட்டுத்தான் பாவித்த வேகன் ஆர் ஒன்றை வாங்கினேன்.

அப்படியானால் ஏன் விற்றேன்? ஜப்பானில் சன்னி உற்பத்தி 2004லேயே முடிந்துவிட்டது. உதிரிப்பாகம் தேடிப் பஞ்சிகாவத்தையில் அலைந்த நாட்களில் என் கடை பூட்டிக் கிடந்தது. அந்த நட்டத்தை நான் கணக்கில் எழுதவேயில்லை. இறக்குமதி திறந்தால் (2025 பெப்ரவரியில் திறந்தது) விலை இறங்கும் என்ற பயம் வேறு.

சாவியைக் கொடுத்தபோது மனம் கனத்தது உண்மை. வாங்கிய தம்பி இப்போதும் போன் எடுத்து, எந்தப் பாகம் எந்தக் கடையில் என்று கேட்கிறார்.