உஷார்! ஆபரேஷன் முடிந்த இரண்டாம் வருடம்

உடல் எடையைக் குறைக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு வருடத்தைத் தாண்டியவர்களே, இது உங்களுக்குத்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் உங்களுக்கும்தான். இறங்கிய எடை இனி ஏறாது என்று நம்பி இருக்கிறீர்களா? ஏறும். சத்தமே இல்லாமல் ஏறும்.

ஆஸ்பத்திரி விளம்பரங்களில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் போடுகிறார்களே, அந்தப் ‘பின்’ படம் எத்தனையாவது மாதத்தில் எடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு வருடத்தில்தான் எடை அடிமட்டத்துக்கு வரும். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு வருடத்துக்குள் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாம் வருடத்தில் அந்த இழப்பு 25 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. 120 கிலோ இருந்தவர் ஏறக்குறைய 82-க்கு வந்து, பிறகு 90-க்குத் திரும்பியதற்குச் சமம் இது. இது சராசரிதான், இதைவிட அதிகமாகத் திரும்ப ஏறியவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். அதே ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணங்கள் குறைவாக இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் எடை திரும்பினால் ஆபரேஷன் வீண் என்று அர்த்தம் இல்லை. கவனிக்காமல் விட்டால்தான் வீண்.

ஏன் ஏறுகிறது? ஸ்லீவ் என்ற இன்னொரு வகை ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. அதனால்தான் முதல் சில மாதம் சாப்பாட்டின் மேல் நாட்டமே இருக்காது. பிறகு பசி மெல்லத் திரும்புகிறது, மிச்சமிருக்கும் பையும் கொஞ்சம் விரிகிறது. எடை குறைந்த உடம்பு முன்பு செலவழித்த சக்தியைவிடக் குறைவாகவே செலவழிக்கிறது. சோம்பலோ, ஒழுக்கக்கேடோ இதற்குக் காரணம் இல்லை. உடம்பின் சுபாவம் அது.

ஆனால் ஒரு விஷயம் நம் கையில்தான் இருக்கிறது: வழுக்கிக்கொண்டு இறங்கும் தீனி. அரை கிண்ணம் சுண்டலும் ஒரு முட்டையும் சாப்பிட்டால் வயிறு ‘போதும்’ என்று நிறுத்திவிடும். டீயில் தோய்த்த பிஸ்கட்டுக்கு அந்தத் தடை கிடையாது. ரஸ்க், சிப்ஸ், முறுக்கு, ஐஸ்க்ரீம், பாயசம், ஜூஸ், பால்கோவா எல்லாமே வாயில் கரைந்து, சின்னப் பையிலும் தங்காமல் இறங்கிவிடும். ‘நான் ரெண்டு இட்லிக்கு மேல சாப்பிடறதே இல்லையே, எப்படி ஏறுது?’ என்று கேட்பவர்கள் காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் என்ன வாய்க்குள் போனது என்று எழுதிப் பார்க்கட்டும். சாப்பிடும்போதே தண்ணீர் குடிப்பதும் இப்படித்தான் உணவைச் சீக்கிரம் தள்ளிவிடும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்று டயட்டீஷியன் சொன்னது காரணத்தோடுதான். மது இன்னும் மோசம். பைபாஸுக்குப் பிறகு போதை சீக்கிரமும் அதிகமாகவும் ஏறும். பழைய அளவு என்று எண்ணிக் குடிப்பவர்களில் சிலர் புதிதாக ஒரு அடிமைத்தனத்தில் விழுகிறார்கள்.

என்னை மிகவும் பதறவைப்பது இதன் பிறகு நடப்பதுதான். மூன்று கிலோ ஏறியதும் வெட்கம் வந்துவிடுகிறது. ‘டாக்டர் திட்டுவார், சேமிப்பைக் கொட்டி ஆபரேஷன் செய்துவைத்த வீட்டுக்காரர் என்ன நினைப்பார்’ என்று செக்-அப்பை நிறுத்துகிறார்கள். எடை மெஷின் கட்டிலுக்கு அடியில் போகிறது. மூன்று கிலோ பத்தாகிறது. இன்னும் சிலர் பட்டினி கிடக்கிறார்கள், ரசம் சாதத்திலேயே நாளை ஓட்டுகிறார்கள். புரதம் போதாமல் தசை கரைகிறது. தசை கரைந்தால் எடை இன்னும் சுலபமாக ஏறும். பொதுவாக நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை என்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. அதனால் தட்டில் முட்டை, மீன், பருப்பு, பனீர் முதலில்; சாதம் கடைசியில்.

வைட்டமின் மாத்திரையையும் சிலர் இந்தக் கட்டத்தில்தான் கைவிடுகிறார்கள். பி12 கையிருப்பு கரைய வருடக்கணக்கில் ஆகும் என்பதால் உடனே எதுவும் தெரியாது. பாதம் மரத்துப்போய், ஞாபகம் தடுமாறும்போது நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும். மெடிக்கல் ஷாப்புக்கு நீங்களாகவே போய் எடைக் குறைப்பு ஊசி கேட்பதும் வேண்டாம். எடை திரும்பியவர்களுக்கு அந்த ஊசிகளை டாக்டர்களே கொடுப்பதுண்டு. ஆனால் யாருக்கு, எந்த அளவில் என்பதை உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘இவ்வளவுதானா? இன்னும் ஒரு வாய்’ என்று இலையில் தள்ளாதீர்கள். ‘ஆபரேஷன் பண்ணியும் குண்டாகிட்டியே’ என்றும் சொல்லாதீர்கள். இரண்டாவது வார்த்தைதான் மனிதரை டாக்டரிடமிருந்து விரட்டுகிறது.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். உங்கள் மிகக் குறைந்த எடையிலிருந்து மூன்று கிலோ ஏறி அது இறங்காமல் நின்றால், ஆபரேஷன் செய்த டாக்டரையும் டயட்டீஷியனையும் போய்ப் பாருங்கள். பத்து கிலோ ஏறியிருந்தாலும் போங்கள்; அங்கே இது தெரிந்த பிரச்னை, வழியும் இருக்கிறது. கடைசியாக எப்போது செக்-அப் போனீர்கள் என்று பழைய ஃபைலை எடுத்துப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டது என்றால் இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.