குக்கல் தடுப்பு மருந்து: பழையதும் புதியதும்

குக்கல் என நாம் வழங்கும் நோய், ஆறு மாதம் நிரம்பாச் சிசுக்களையே மிகக் கொடிதாக வருத்துவது. அதனைத் தடுக்கும் மருந்துகள் இருவகைப்படும். கிருமியை முழுதாகக் கொன்று ஆக்குவது பழையது. கிருமியின் புரதங்கள் சிலவற்றை மட்டும் பிரித்தெடுத்து ஆக்குவது புதியது. 1981இல் யப்பானில் முதன்முதல் வழக்கிற்கு வந்தது.

வினாயகபுரத்துச் சிசுக்களுக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் அரசினர் இடும் ஐங்கூட்டு மருந்தில் உள்ளது பழையதே. அதனால் காய்ச்சலும் வீக்கமும் ஓயா அழுகையும் மிகுதி. அரிதாகக் குழந்தை சிறிது நேரம் வெளிறித் துவளுதலும் உண்டு. புதியதில் இவை குறைவு. ஆதலின் புதியதே சிறந்தது என்பாரும் உளர். அக்கூற்றுப் பாதியே மெய். புதியதன் காப்புச் சில ஆண்டுகளிலேயே தேய்கின்றது. பழையது தரும் காப்பு நெடிது நிற்பது. மேலும், பபூன் குரங்குகளில் நிகழ்ந்த ஆய்வொன்றில், புதிய மருந்து நோயைத் தடுத்ததேயன்றிக் கிருமி தொண்டையிற் குடியேறிப் பிறவற்றிற்குப் பரவுதலைத் தடுக்கவில்லை.

இலங்கையில் 2008 சனவரியில் ஐங்கூட்டு மருந்து புகுந்தது. ஊசியிட்டபின் குழந்தைகள் சிலர் இறக்கவே, 2009 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. எனினும் குக்கல் மருந்து கைவிடப்படவில்லை. பழைய முக்கூட்டு ஊசி தொடர்ந்தது. நிபுணர் ஆராய்ந்தபின் 2010இல் ஐங்கூட்டு மீண்டது. இவ்விடைக்கால ஏற்பாட்டை நாம் பெரிதும் மதிக்கின்றோம். யப்பானிலோ, இரு குழந்தைகள் இறந்ததையடுத்து 1975இல் சிசுக்களுக்கு ஊசியிடுவதையே நிறுத்தினர். 1979இல் அங்கே ஏறத்தாழ 13,000 பேர் குக்கலுற்றனர். 41 பேர் மாண்டனர்.