எழுந்து நிற்கும் வலிமை

முதுமையில் ஒருவர் பிறர் உதவியை எதிர்பார்க்காமல் வாழ முடியுமா என்பதை நோய்களின் பட்டியலை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருந்தும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்கள் உண்டு. பெரிய நோய் எதுவும் இல்லாமலே, கட்டிலைவிட்டு எழத் துணை தேடுபவர்களும் உண்டு. அதனால்தான் முதியோர் மருத்துவம் நோயோடு சேர்த்து அன்றாட வேலைகளையும் அளந்து பார்க்கிறது.

அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் வழக்கில் இருக்கிறது. குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குப் போய்வருதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலத்தை அடக்குதல், தானே உண்ணுதல் என்று ஆறு வேலைகள் அதில் உண்டு. சமையல், கடைக்குப் போதல், மருந்தை வேளாவேளைக்கு எடுத்துக்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் போன்றவற்றை லாட்டன், பிராடி இருவரும் 1969இல் தனிப் பட்டியலாகச் சேர்த்தனர். ஆறு வேலைகளில் பெரும்பாலும் குளியலில்தான் முதல் தடுமாற்றம் தெரியும். தானே உண்ணும் திறன் கடைசிவரை நிற்கும்.

இந்த வேலைகளில் பலவற்றைத் தாங்குவது கால்வலிமை. 30 வயதைத் தாண்டிய பின், பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. 60க்கு மேல் இந்தத் தேய்வு வேகமெடுக்கிறது. தசையின் அளவைவிட வலிமை விரைவாகக் குறைகிறது. சட்டென்று விசை கொடுக்கும் தசைநார்களே முதலில் மெலிகின்றன. தடுக்கி விழப்போகும்போது காலை முன்னே ஊன்றிச் சமாளிக்க உதவுபவை அவைதான்.

நாற்காலியிலிருந்து எழுவதைக் கூர்ந்து கவனித்தால் கால்வலிமையின் பங்கு விளங்கும். பாதங்கள் பின்னுக்கு நகர்கின்றன, உடல் முன்னே சாய்கிறது. இருக்கையைவிட்டு எழும்பும் கணத்தில் பாரம் தொடையின் முன்தசைகளிலும் பின்புறத் தசைகளிலும் இறங்குகிறது. இளம் வயதினருக்கு இதற்குத் தம் வலிமையில் பாதிகூடத் தேவைப்படாது. மிக வயதானவருக்கோ இருப்பதில் பெரும்பகுதி செலவாகிவிடும். அந்த விளிம்பில் இருப்பவரைச் சில நாள் காய்ச்சலே படுக்கையில் தள்ளிவிடலாம். நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்த ஓர் ஆய்வில், அவர்களுடைய கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது.

கால்வலிமையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடிகளில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 70 முதல் 74 வயதுவரை உள்ள ஆண்கள் 12 முறைக்கும் பெண்கள் 10 முறைக்கும் குறைவாக எழுந்தால் வலிமை போதாது என்று கொள்ளப்படுகிறது.

இழந்த வலிமையை மீட்க முடியும். பாஸ்டன் நகரில் மரியா ஃபியாடரோன் குழுவினர் நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது. 86 முதல் 96 வயதுவரையான பத்துப் பேர் எட்டு வாரம் எடை தூக்கும் காற்பயிற்சியில் சேர்ந்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டனர். 2014இல் வெளியான லைஃப் என்ற ஆய்வில், 70 முதல் 89 வயதுவரையான 1,635 பேர் சராசரியாக 2.6 ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். நடை, தசைப்பயிற்சி, சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 30.1 சதவீதத்தினரும், உடல்நலக் கல்வி மட்டும் பெற்றவர்களில் 35.5 சதவீதத்தினரும் 400 மீட்டர் நடக்க இயலாத நிலையை அடைந்தனர்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, முதியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைப்பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சியும் தேவை. நடை மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரைக் கைகளால் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி நிற்றல், பிடிமானத்துக்கு அருகில் ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம். இதயநோய், மூட்டுத் தேய்மானம், அண்மையில் அறுவைச் சிகிச்சை ஆகியவை இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

பயிற்சிக்கேற்ற புரதமும் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது முதியவர்களுக்கான பரிந்துரை. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பால், தயிர் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவே அளவு.

பாஸ்டன் ஆய்வில் பங்கேற்றவர்கள் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலிமை 32 சதவீதம் சரிந்தது. ஆகவே பயிற்சி அன்றாட வழக்கத்தில் நிலைக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சிரமம் கூடாது என்று தண்ணீர் எடுப்பது, துணி மடிப்பது போன்ற சிறு வேலைகளையும் பிள்ளைகளே செய்துவிடும்போது, பெரியவர்கள் உடலை அசைக்கும் வாய்ப்பும் குறைந்துபோகிறது. முடிந்ததை அவர்களே செய்யட்டும் என்று விட்டு, முடியாததற்கு மட்டும் கைகொடுப்பதே சரியான துணை.