மானிப்பாயிலிருந்து கிறீன் போனபின்
வேலைத்தலம் – தொடர் கட்டுரை: 9

"சேர் இண்டைக்கு லீவு. திங்கட்கிழமை வாங்கோ." யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு கந்தோருக்குக் கையில் ஒரு விண்ணப்பத்தோடு போன எவருக்கும் இந்த வசனம் மனப்பாடம். அலுமாரித் திறப்பு அந்த ஒருவரிடம் இருக்கும். முத்திரையும் அவரிடம்தான். எந்தக் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்பதும் அவருக்கு மட்டும் தெரியும். அவர் கெட்டிக்காரர், நேர்மையானவர், இருட்டும் வரை இருந்து வேலை செய்கிறவர் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வருகிற அன்று வரிசையில் நின்ற அத்தனை பேரும் வந்த வழியே திரும்புகிறார்கள்.

முகாமைத்துவம் படிக்கிற பிள்ளைகளிடம் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல் என்று கேட்டால் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிற கேள்வி ஒன்று உண்டு. தலைமை தாங்குகிறவர் தான் இல்லாத நாளுக்காக என்ன செய்து வைத்திருக்கிறார்? இதற்கு விடை தேட ஹாவார்டுக்குப் போகத் தேவையில்லை. மானிப்பாய் போதும்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 ஒக்டோபரில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் படித்து, அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த ஆண்டு மானிப்பாய். அமெரிக்க மிஷன் 1816 முதல் இங்கே வேரூன்றியிருந்தது. கிறீனுக்கு முன்னரே ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்திருந்தார். ஆகவே மேலைநாட்டு வைத்தியம் இங்கே புதிதல்ல. கிறீன் செய்த புதுமை, வந்த மறு ஆண்டே வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கியது. 1848இல் ஒருசில மாணவர்களோடு அந்த வகுப்பு ஆரம்பமானது. கொழும்பு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 1870இல். 22 ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாயில் பிள்ளைகள் எலும்புகளின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வந்தபோது வயது 25கூட நிறையவில்லை. வாசலில் நோயாளர் கூட்டம். வாந்திபேதியும் அம்மையும் மாறிமாறி வருகிற குடாநாடு. அந்த நிலையில் ஓர் இளம் வைத்தியர் முழுநாளும் தானே நோயாளரைப் பார்த்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கைராசிக்காரர் என்று பேர் எடுத்திருப்பார். அந்தப் பேருக்கு ஆசைப்படாமல், தன் நேரத்தில் பெரும் பங்கை இன்னும் வைத்தியராகாத பையன்களுக்குக் கொடுத்தார். இன்று பார்க்கக்கூடிய நோயாளரைக் குறைத்துக்கொண்டு பத்து வருடம் கழித்து வரப்போகும் நோயாளருக்காக உழைப்பது எளிதான முடிவல்ல. வேலைத்தலத்தில் கெட்டிக்காரர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தன் கையால் செய்தால் அரை மணித்தியாலத்தில் முடியும், சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரம் போகும் என்ற கணக்கு ஒவ்வொரு நாளும் சரியாகவே இருக்கும். பத்து வருடம் கூட்டிப் பார்க்கும்போதுதான் அது பிழைத்திருப்பது தெரியவரும்.

ரொபேர்ட் காட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1955இல் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் முகாமைத்துவ வகுப்புகளில் படிப்பிக்கப்படுகிறது. நிருவாகிக்கு மூன்று திறன்கள் வேண்டும் என்பார்: தொழில் தெரிந்திருத்தல், மனிதரோடு பழகத் தெரிந்திருத்தல், முழுப் படத்தையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்திருத்தல். கிறீனிடம் முதலாவது இருந்தது பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவதுதான் அவரைத் தனியே நிறுத்துகிறது.

அதை விளங்கிக்கொள்ள வட்டுக்கோட்டை செமினறியின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1823இல் தொடங்கப்பட்ட அந்த உயர்கல்வி நிறுவனம் கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம் எல்லாவற்றையும் தரமாகக் கற்பித்தது. ஆசியாவில் அந்நாளில் அதற்கு ஈடானவை சிலவே. ஆனால் படித்து வெளியேறியவர்கள் மிஷன் எதிர்பார்த்தபடி ஊழியத்தில் நிற்கவில்லை. ஆங்கிலம் தெரிந்தவனுக்கு அரசாங்க உத்தியோகம் கதவைத் திறந்து வைத்திருந்தது. போனார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து பார்த்துப் போன மிஷன் தலைமை மனம் கசந்தது. 1855இல் செமினறி மூடப்பட்டது.

கிறீனுக்கும் இதே தலையிடிதான். ஆங்கிலத்தில் வைத்தியம் படித்த மாணவனுக்குத் தெற்கே நல்ல சம்பளத்தில் இடம் இருந்தது. வலிகாமத்திலோ தென்மராட்சியிலோ ஒரு கிராமத்தில் குடியிருந்து வைத்தியம் பார்க்க அவனுக்கு என்ன காரணம்? இன்று யாழ்ப்பாணத்துக் கடை முதலாளிகளும் கராஜ்காரரும் சொல்வதும் இதையேதான்: "பழக்கிவிட்டால் வெளிநாட்டுக்குப் போயிடுவான், பிறகேன் பழக்குவான்?"

கிறீன் பழக்குவதை நிறுத்தவில்லை. போகிறவர்களை நன்றி கெட்டவர்கள் என்று தூற்றவும் இல்லை. பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு, படிப்பின் அமைப்பையே மாற்றினார். 1864 முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழில் படித்த வைத்தியன் தன் ஊரிலேயே நிற்பான், தன் சனத்துக்கு விளங்குகிற பாஷையில் நோயைச் சொல்வான் என்பது அவர் போட்ட கணக்கு. தாய்மொழிக் கல்வியின் பக்கம் மிஷன் தலைமையும் அந்தக் காலத்தில் சாய்ந்திருந்தது உண்மை. ஆனால் உடற்கூறும் சத்திரசிகிச்சையும் தமிழில் நடக்கும் என்று நம்பி, அதற்கான நூல்களை உண்டாக்கும் சுமையைத் தன் தலையில் ஏற்றியவர் அவர். பிரெஞ்சுச் சுரங்கப் பொறியியலாளர் ஹென்றி பயோல் 1916இல் வெளியிட்ட 14 முகாமைத்துவத் தத்துவங்களில் பணியாளர் நிலைத்திருப்பதும் ஒன்று. அடிக்கடி ஆள் மாறுகிற நிறுவனம் உருப்படாது என்று பயோல் சொல்வதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, ஆளை நிறுத்துவதற்கு என்ன செய்யலாம் என்று ஒருவர் மானிப்பாயில் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நூல்களின் கதை இன்னும் அழகானது. 1850களில் வந்த 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' தொடக்கம். பிறகு 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்'. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். தொடக்கத்தில் கிறீனே மொழிபெயர்த்தார். பின்னால் டன்வர்த், சாப்மன் போன்ற அவருடைய மாணவர்கள் மொழிபெயர்க்க, அவர் பார்த்துத் திருத்தினார். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். மிஷன் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. இவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழ் வைத்தியர்கள். நேற்று மாணவராக இருந்தவரை இன்று நூலாசிரியராக்கிவிட்டுத் தான் திருத்துநராக ஒதுங்குவதற்கு ஒரு மனம் வேண்டும். முகாமைத்துவப் பாடநூல் இதை 'அதிகாரம் ஒப்படைத்தல்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. நடைமுறையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரத்தைக் கொடுப்பார்கள், பெயரை மட்டும் தாங்களே வைத்துக்கொள்வார்கள். ஆய்வறிக்கையிலும் நினைவுக் கல்லிலும் பத்திரிகைச் செய்தியிலும் நாம் இதைப் பார்க்கிறோம்.

பல பேர் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும்போது ஆளுக்கொரு விதமாகப் போய்விடும் ஆபத்து எப்போதும் உண்டு. கிறீன் அதற்கு விதி வகுத்தார். ஒரு கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் உள்ள சொல்லைத் தேடு, இல்லையென்றால் வடமொழியைப் பார், அதிலும் இல்லையென்றால் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுது. இப்படிச் சேர்ந்தவற்றை அருஞ்சொல் பட்டியல்களாகவும் அச்சிட்டார். அவர் பக்கத்தில் இல்லாதபோதும் மாணவன் பட்டியலைத் திறந்து பார்த்து முடிவெடுக்கலாம். நல்ல முகாமையாளரின் தீர்ப்பு அவருடைய தலைக்குள் மட்டும் இருக்கக்கூடாது, எழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் விடாப்பிடியாகச் சொல்வதற்கு இந்தப் பட்டியல்களும் ஒரு காரணம்.

மனிதரோடு பழகும் திறனுக்கு வருவோம். கிறீன் தன் மாணவர்கள் வேட்டி சால்வையோடு இருப்பதையே விரும்பினார். கிறிஸ்தவராவதற்கு ஐரோப்பியராகத் தேவையில்லை என்பது அவர் கொள்கை. கோட்டும் காற்சட்டையும் போட்ட வைத்தியனுக்கு முன்னால் ஒரு கிழவி வாய் திறந்து தன் வருத்தத்தைச் சொல்லத் தயங்குவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் வந்தது மதம் பரப்ப. அதை அவர் ஒளித்ததுமில்லை. வைத்தியத்தை அதற்கான வழியாகவே பார்த்தார். சைவர்கள் அவரை ஐயத்தோடு பார்த்ததில் நியாயம் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் நின்ற ஆறுமுக நாவலர் கிறீன் பிறந்த அதே 1822இல் நல்லூரில் பிறந்தவர். கிறீன் மானிப்பாயில் வகுப்பு ஆரம்பித்த அதே 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கிறீன் தமிழ் வகுப்பைத் தொடங்கிய 1864இல் நாவலர் சிதம்பரத்தில் பாடசாலை நிறுவினார். கொள்கையில் எதிரெதிரான இருவரும் பாடசாலை, பாடநூல், அச்சுக்கூடம், பழக்கப்பட்ட ஆட்கள் என்ற நான்கையும் ஒன்றாகக் கோத்தால்தான் காரியம் நிற்கும் என்று ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து நிறுவனங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கிறீனுக்கு முதல் சோதனை 1857இல் வந்தது. ஓய்வுக்காக அமெரிக்கா போனவர் 1862இல்தான் திரும்பினார். ஐந்து வருடம் மானிப்பாய் அவருடைய மாணவர்களின் கையில். திரும்பி வந்தபோது வேலை நின்றுபோயிருக்கவில்லை. இரண்டு வருடத்தில் தமிழ் வகுப்பைத் தொடங்கும் துணிவு அவருக்கு அங்கிருந்தும் வந்திருக்கலாம். இரண்டாவது சோதனை 1873. உடல்நலம் கெட்டு நிரந்தரமாகப் புறப்பட்டார். அதுவரை 60க்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கியிருந்தார். அவர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள். அடுத்த அமெரிக்க வைத்தியர்களான ஸ்கொட் தம்பதியர் வந்து சேர்ந்தது 1893இல். இடையில் 20 வருடம். அந்த 20 வருடமும் மானிப்பாயில் நோயாளருக்கு மருந்து கிடைத்தது, தமிழ் வைத்தியர்களின் கையால். கிறீனோ வூஸ்ரரில் இருந்துகொண்டு, கப்பலில் வந்து போகிற தமிழ்ப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884இல் இறக்கும் வரை அதை விடவில்லை. தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்றே அவருடைய கல்லறையிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மானிப்பாயில் இன்று நாம் காணும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தோடு நிறுத்திவிட்டால் கதை இனிக்கும். ஆனால் தமிழ் வைத்தியப் பள்ளி நிலைக்கவில்லை. நூல்கள் நூலகங்களின் அரிய நூல் பகுதிக்குப் போய்விட்டன. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் ஆரம்பமானபோது கற்கை ஆங்கிலத்தில். ஏன் இப்படி ஆனது என்பதை முகாமைத்துவக் கண்ணோடு பார்க்க வேண்டும். தமிழில் வைத்தியம் முடியாது என்பதால் அல்ல. முடியும் என்பதற்கு அந்த 33 பேரும் சாட்சி. கிறீன் ஆட்களை உருவாக்கினார், நூல்களை உருவாக்கினார், விதிகளை எழுதினார். அவருடைய கைக்கு எட்டாமல் இருந்தவை இரண்டு. ஒன்று சான்றிதழ். நாட்டை ஆண்டவர்களின் உத்தியோகங்கள் ஆங்கிலத்தைக் கேட்டன. 1870இல் கொழும்பில் கல்லூரி வந்தபின் தகுதி என்பது அங்கே தீர்மானிக்கப்பட்டது. எந்த நிறுவனமும் வேலிக்குள் மட்டும் வாழ்வதில்லை, வெளியே யார் அங்கீகாரம் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்று நம் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கிற நிலையங்களும் இதே இடத்தில் இடறுகின்றன. பயிற்சி நன்றாக இருக்கும், அந்தச் சான்றிதழைப் பார்த்து வேலை கொடுப்பவர் இருக்க மாட்டார்.

மற்றது சொந்தம். மானிப்பாய்ப் பள்ளி மிஷனுக்குச் சொந்தம், மிஷனின் பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. எதை நடத்துவது, எதை விடுவது என்ற கடைசி முடிவு ஊராரிடம் இருக்கவில்லை. வட்டுக்கோட்டை செமினறி மூடப்பட்டபோதும் அப்படித்தான். ஆட்களைப் பழக்கிவிட்டுப் போவது ஒரு படி என்றால், அவர்கள் கையில் கணக்குப் புத்தகத்தையும் கொடுப்பது அடுத்த படி. அந்த அடுத்த படியை எடுத்து வைத்தவர்கள் 1930களில் வலிகாமத்தின் இன்னொரு மூலையில் இருந்தார்கள். அங்கத்தவர்களே பணம் போட்டு, அங்கத்தவர்களே நிருவாக சபையைத் தெரிவுசெய்து ஒரு வைத்தியசாலையைக் கட்டினார்கள். அடுத்த வாரம் மூளாய்க்குப் போவோம்.