சாய்ந்த கோபுரம் எப்போது ஆபத்தாகிறது?

இத்தாலியின் பீசா கோபுரம் இன்று சுமார் 4 பாகை சாய்ந்து நிற்கிறது. அதே நாட்டில் பொலோன்யா நகரின் கரிசெண்டா கோபுரமும் ஏறக்குறைய அதே 4 பாகைதான். பீசாவில் சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கி உச்சிவரை ஏறுகிறார்கள். கரிசெண்டாவையோ 2023 அக்டோபரில் மூடி, யாரும் நெருங்காதபடி சுற்றிலும் தடுப்பு போட்டுவிட்டார்கள். ஒரே சாய்வுக்கு ஏன் இரண்டு தீர்ப்பு?

பொறியாளர்கள் முதலில் கேட்பது, கட்டடத்தின் எடை எங்கே போய் இறங்குகிறது என்பதைத்தான். கல்லும் செங்கல்லும் காரையுமாகக் கட்டிய சுவர் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். மொத்த எடையும் அடித்தளத்தின் நடுப்பகுதியில் இறங்கும்வரை கவலையில்லை. சாய்வு கூடக்கூட எடை ஒரு பக்கமாக ஒதுங்கும். எதிர்ப்பக்கம் விரிசல் விடும், பாரம் ஏறிய பக்கம் நசுங்கும். அடியோடு கவிழும் கோணத்தை எட்டுவதற்கு வெகு முன்பே இந்த நசுங்கலில் கோபுரம் உடைந்துவிடலாம்.

இத்தாலியின் பாவியா நகரத்துக் கோபுரம் இதற்கு உதாரணம்; அது சாய்வுக்குப் பெயர்போனதே அல்ல. பல நூற்றாண்டுகள் நின்ற அது, 1989 மார்ச் 17 அன்று திடீரென்று இடிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். சுவரின் வெளிப்புறத்தில்தான் செங்கல். உள்ளே கற்துண்டுகளையும் காரையையும் கலந்து கொட்டிய நிரப்பு. மாறாத பாரம் காலமெல்லாம் அழுத்தியதில் நுண்ணிய பிளவுகள் பெருகி, சுவர் உள்ளுக்குள்ளேயே தளர்ந்துபோயிருந்தது. பார்வைக்குத் திடமாக இருந்ததை நம்பியதற்கு நான்கு உயிர் மிக அதிக விலை.

அந்த அதிர்ச்சியில்தான் 1990 ஜனவரியில் பீசா கோபுரம் மூடப்பட்டது. அங்கே மிரட்டியது மண். 1173இல் தொடங்கிய கட்டுமானம் களிமண் நிலத்தில் எழுந்தது. தெற்குப் பக்கம் அமிழ்ந்துகொண்டே போனது. 1990 வாக்கில் உச்சி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்தது. கேட்க அற்பம்தான். ஆனால் அது நிற்கவே இல்லை என்பதுதான் நிபுணர்களை உறங்கவிடவில்லை. வடக்குப் பக்கம் நூற்றுக்கணக்கான டன் ஈயக்கட்டிகளை வைத்தார்கள். 1995இல் தரையை உறையவைத்துச் செய்த வேலையில் சாய்வு சட்டென்று கூட, வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில், வடக்கு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தபோது கோபுரம் அந்தப் பக்கம் மெல்லத் திரும்பியது. சுமார் அரைப் பாகைதான் நிமிர்ந்தது. அதுவே போதுமானதாக இருந்ததால் 2001 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள்.

ஆகவே ஒருநாள் அளந்த கோணத்தை மட்டும் வைத்து எந்தக் கட்டடத்துக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டாம் அளவீடும், பத்தாம் அளவீடும் வேண்டும். விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி, அது உடைகிறதா என்று பார்ப்பது பழைய முறை; இன்று மின்னணு உணரிகள் நுண்ணிய அசைவையும் பதிகின்றன. வெயிலுக்கும் குளிருக்கும் கட்டடம் விரிந்து சுருங்குவதால், ஓராண்டாவது பார்த்தால்தான் உண்மையான நகர்வு பிரிந்து தெரியும். ஆனால் பழைய விரிசல் அகன்றாலோ, சுவர் உப்பினாலோ, அடிப்பகுதியில் கல் செதில் செதிலாக உதிர்ந்தாலோ ஓராண்டு காத்திருக்கக் கூடாது. முதலில் ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

கரிசெண்டாவின் சிக்கல் அதன் அடியில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டிலேயே சாய்வுக்குப் பயந்து அதன் உச்சியை வெட்டி 48 மீட்டராகக் குறைத்தார்கள். ஆனால் அடிப்பகுதியைப் போர்த்தியிருப்பது ஜிப்சம் வகைக் கல். ஈரம் பட்டால் வலுவிழக்கும். உணரிகள் வழக்கத்துக்கு மாறான அசைவுகளைக் காட்டியதும் நகராட்சி தயங்கவில்லை. பீசாவில் பயன்பட்ட தாங்கு கருவிகளையே கொண்டுவந்து கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு அடியைப் பலப்படுத்தும் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது.